பனியில் வைத்த பால்

ஜனவரி 9, வெள்ளி. உறைபனி. விரல் மடங்கவில்லை.

இல்லை, பொறாமை இல்லை. எரிச்சல். சு.வைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அண்ணன் மனைவி. திருப்பூர்க்காரி. உறைபனியை முதல்முறை பார்க்கிறாள், அவ்வளவுதான்.

எங்களுக்கு உறைபனி என்றால்: அண்ணனின் டாக்ஸிக் கண்ணாடிக்கு வெந்நீர். கருகிய பீன்ஸ் செடி. அம்மாவின் முட்டிவலி. அவளுக்கு: தட்டில் சர்க்கரைப் பால் ஊற்றி ராத்திரி வாசலில் வைத்தால் காலையில் ஐஸ் ஆகுமா?

ஆகவில்லை. விடிவதற்குள் மூவரும் வாசலில். நான் போர்வைக்குள்.

"ஆடைதானுங்க அத்தை கட்டியிருக்குது!"

"நாளைக்கு இன்னும் குளுரும் கண்ணு. அப்பப் பாரு."

"எம் மூக்கு ஐஸாயிருச்சு, இதத் தின்னு." இது அண்ணன். ஒரே சிரிப்பு.

சின்ன வயதில் பனிப்புல்லில் வெறுங்காலோடு ஓடினேன். இதே அம்மா முதுகில் ஓர் அடி வைத்தாள்.

ஜனவரி 10, சனி. வானத்தில் மேகமே இல்லை.

இன்றும் தோல்வி. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "மருமவ வந்ததுல இருந்து ஊடே கலகலன்னு இருக்குதுங்க." அதுவரை இங்கே இருந்தது யார்?

கோவையில் எம்.ஏ. படிக்கும்போதே முடிவு செய்தது: வாழ்க்கை வேறெங்கோ. டெல்லி, வெளிநாடு. விண்ணப்பங்கள் போட்டாயிற்று, காத்திருப்பு. அவள் காத்திருப்பதில்லை. கொத்தமல்லி வாங்கப் போனாலும் ஒரு கதையோடு திரும்புகிறாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "பவி, நீ இந்த ஊர்க்காரிதானே? எங்க வெச்சா உறையும்?"

"தெரியல."

தெரியும். வாசலில் கூரை மறைக்கிறது. குளிர் தேங்குவது கீழே, பள்ளத்துப் புல்வெளியில். அம்மாவுக்கும் அண்ணனுக்கும்கூடத் தெரியும். அங்கே காட்டெருமை மேயும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்காததற்குக் காரணம் அது இல்லை.

ராத்திரி அவர்கள் டிவி முன்னால். நான் இன்னொரு தட்டில் சர்க்கரைப் பாலோடு பள்ளத்துக்கு.

ஜனவரி 11, ஞாயிறு. புல் முழுக்க வெள்ளை.

வெளிச்சம் வந்ததும் இறங்கினேன். மிதித்த இடமெல்லாம் நொறுங்கும் சத்தம். தேயிலை ஓரத்தில் ஒரு காட்டெருமை, மூக்கிலிருந்து ஆவி. நான் நின்றேன். அதுவும். எவ்வளவு நேரமோ. பிறகு அது திரும்பி மேயத் தொடங்கியது.

தட்டில் பால் கல்லாக. நகத்தால் தட்டினால் டிங்.

"ஆயிருச்சு!" சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆளில்லை. ஓரத்தை உடைத்துத் தின்றேன். பல் கூசியது. இன்னொரு துண்டு. சுவை பரவாயில்லை. ஆனால் சு. இதைப் பார்த்தால் முகம் எப்படிப் போகும் என்பதுதான் மனதில். அதற்கும் அவள் வேண்டியிருக்கிறது. எரிச்சல்.

மேலே வாசலில் அவள் குரல், அண்ணனிடம். "இன்னிக்கும் ஆகலீங்க மாமா. விடுங்க, இனி வைக்கல."

தட்டை அங்கேயே விட்டுவிட்டு மேலேறினேன். அவளை ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லிப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். முன்னால் நான்தான் நடந்தேன்.