மாப்பிள்ளை, உம் மோட்டாரில் கசிவு நின்றுவிட்டது

என் அருமை மாப்பிள்ளைக்கு,

தென்காசிச் சீமையின் கடற்படைத் தளபதியும், அந்தப் படையில் இருக்கும் ஒரே படகின் மாலுமியுமாகிய உம் மச்சான் எழுதுவது. நீர் இருக்கும் ஊருக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. நாலு பேர் வாசிக்கும்படி எழுதிவைக்கிறேன். அவர்களில் யார் முதலில் அங்கே வருகிறாரோ, அவர் வந்து சொல்லட்டும்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் விழுகிற தண்ணீர் மதுரையில் நிற்பவன் முதுகில் தெறிக்கிறது. குளமும் நிறைந்துவிட்டது. சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு உம் படகை நான்தான் ஓட்டுகிறேன். சொர்ணம் கரையில் நின்று ஆள் ஏற்றிவிடுவாள். தான் மட்டும் படகில் கால் வைக்கமாட்டாள். "நீயும் ஒரு சுற்று வாயேன் தாயி" என்பேன். "எனக்கு வேற சோலி இருக்குண்ணே" என்பாள். கட்டிய புருஷன் ஓட்டிய படகில் ஏற அவளுக்கு என்ன தயக்கம்? என் தங்கைதான், ஆனாலும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மோட்டாருக்குச் சீக்கு வந்தது. படகு போன தடமெல்லாம் தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்து, ஏழு நிறமும் காட்டியது. குளத்துப் பாசனத்துக்குப் பெரியவர் முத்தையா அண்ணாச்சி குடையும் கையுமாக வந்து நின்றார்.

"என்னவே தளபதி, என் வயல்ல நெல்லு விளையணுமா, பெட்ரோல் விளையணுமா?"

"அது எண்ணெய் இல்ல அண்ணாச்சி. மயிலு குளிச்சிட்டுப் போன நிறம்."

"மயிலாவது குயிலாவது! இன்னொரு மட்டம் எண்ணெய் மிதந்துச்சு, படகைத் தூக்கிக் கரையில போட்டுருவோம். செத்துப்போன மனுசன் மூஞ்சிக்காகத்தான் இம்புட்டு நாளு பொறுத்தோம், பாத்துக்கிடும்."

உம்மைச் சொன்னதும் மயிலை விட்டுவிட்டு, "எண்ணெய்தான் அண்ணாச்சி" என்று ஒப்புக்கொண்டேன். என் வாயால், மாப்பிள்ளை! நம்புவீரா?

சொர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "வயித்துப் பாட்டுக்கு எதாவது பாத்துக்கிடலாம்ணே. சாயங்காலம் அந்த மோட்டார் சத்தம் கேட்டாத்தான் அவிய வாராவன்னு அடுப்புல உலை வைப்பேன். அந்தச் சத்தமும் நின்னுட்டா நான் என்ன செய்யட்டும்?"

மறுநாளே மோட்டாரைக் கழற்றி மாமரத்தடியில் சாய்த்தோம். நீர் பழுது பார்க்கும்போதெல்லாம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் அல்லவா? எதை முதலில் கழற்றுவது என்று அவளே சொன்னாள். கீழ்த் திருகைத் திறந்தால், எண்ணெய் பால் ஊற்றிய காப்பிபோல் வெளுத்து வடிந்தது. "தண்ணி உள்ள போயிருக்கு. தண்டுல இருக்க ஆயில் சீல் போச்சுண்ணே" என்றாள்.

புது சீலுக்காகச் செங்கோட்டையில் ரயிலேறினேன். குகைக்குள் புகை குடித்து, கரிக்கட்டையாகக் கொல்லத்தில் இறங்கி, கட்டைவிரல் நுழையும் ஒரு ரப்பர் வளையத்தைச் சேர மன்னன் கிரீடம்போல் மடியில் ஏந்தி வந்தேன்.

பிறகு படகைத் தள்ளும் காத்தாடியைக் கழற்றினோம். அதற்குப் பின்னால், தண்டைச் சுற்றி ஏதோ மின்னியது. சரிகை நூல். சுற்றிச் சுற்றி இறுகி, சீலின் உள்விளிம்பை, அதன் உதட்டையே அறுத்துவிட்டிருந்தது. சொர்ணம் கொண்டையூசியால் அதை நெம்பி எடுத்தாள். எடுத்ததை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, இது மாலைச் சரிகை."

உம் கருமாதிக்கு ஐந்தருவிக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உம் படத்துக்கு ஒரு ரோஜா மாலை போட்டார்கள். நாலு யானை சேர்ந்து தூக்கவேண்டிய மாலை. அன்று சாயங்காலம் சொர்ணம் அதைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே குளத்தில் விட்டாள். பூ அழுகிப் போய்விட்டது. சரிகை எங்கே அழுகும்?

"நான்தானே விட்டேன். நானே அவிய மோட்டாரை நிறுத்தப் பாத்தேனே."

வாயில் வந்ததைச் சொன்னேன். "உன் கையில என்ன இருக்கு? உயிரோட இருந்தப்பவே நடுக்குளத்துல மோட்டாரை நிறுத்திட்டு வெத்தல போடுத ஆளுதானே உன் புருசன்? போன பொறவு மட்டும் திருந்திருவாராக்கும்!"

சிரித்தாள், மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். கருமாதியன்றுகூடக் கண் கலங்காதவள், மாமரத்தடியில் உட்கார்ந்து மனம்விட்டு அழுதாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஸ்பானரில் இப்போது முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்கு வந்தாள். "உதடு எண்ணெய்ப் பக்கம் பாக்கணும். அவிய அப்படித்தான் வைப்பாவ." பழையதை எடுத்துவிட்டு, புது சீலுக்குக் கிரீஸ் தடவி, மேலே மரக்கட்டை வைத்து நான் ஓர் அடி போட்டேன். அகத்தியர் மலை அசைந்தது. "மல உடைக்கியளோ? இங்கன குடுங்க" என்று சுத்தியலை வாங்கி, சுற்றிலும் ஒரே சீராகத் தட்டி இறக்கினாள். கீழ்த் துளையில் புது எண்ணெய் விட்டு, மேல் துளையில் வழிந்ததும் இரண்டையும் இறுக்கினோம்.

காலையில் முத்தையா அண்ணாச்சி நீதிபதிபோல் கரையில் குத்தவைத்தார். நான் படகில் ஏறினேன். "பின்னால உக்காந்து தண்ணியப் பாக்க ஆளு வேணும்லா" என்றபடி சொர்ணமும் ஏறினாள். தானாக ஏறினாள். நான் மூச்சு விடவில்லை. விட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

மோட்டார் உறுமியது. அவள் பின்பக்கம் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நுரை இருந்தது, சாரல் புள்ளி போட்டது. எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. கரையிலிருந்து அண்ணாச்சி கத்தினார்: "ஏவே, திரும்பி வந்து என்னையும் ஏத்திக்கிடும்! ஒருநாளும் ஏறினதில்ல!"

நடுக்குளத்தில் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். நீர் வெற்றிலை போடுகிற இடம் அதுதானே? தண்ணீரை ஒரு கை அள்ளி விட்டுவிட்டு, "போலாம்ணே" என்றாள்.

இனி திவசத்துக்கு உமக்குக் கட்டின மாலை கிடையாது, உதிரிப்பூதான். கோபித்துக்கொள்ளாதேயும். சீசன் நாளில் சாயங்காலம் தவறாமல் அந்தச் சத்தம் உம் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். என் கை ஓயும்வரை அதற்கு நான் பொறுப்பு. இதில் மட்டும் மிகை ஏதும் இல்லை.

உம் பிள்ளைகளின் தாய்மாமன்,
உம் மச்சான்
சங்கரபாண்டி