கோட்டானுக்கு விடுபட்ட கால்

பங்காளி,

இன்று வில்லியனூர் கொம்யூன் ஆபீசில் மைப்பெட்டியைத் திறந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் முகம் வந்துவிட்டது.

முதியோர் பென்ஷனுக்காக, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டப் போயிருந்தேன். அங்கிருந்த அம்மா வழக்கம்போல என் கட்டைவிரலைப் பிடிக்கக் கை நீட்டினாள். "பேனா குடு தாயி" என்றேன். நான் என் பெயரை எழுதி முடிக்கும்வரை வரிசை காத்திருந்தது. பின்னாலிருந்து ஒருவன், "இன்னா பெருசு, கோலம் போடறியா?" என்றான். நான் கடைசிப் புள்ளியையும் வைத்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வெளியே வந்து இதைச் சொல்ல ஆள் தேடினேன். நீ இல்லை.

என் கரும்புக் கொல்லையை ஒட்டிய செம்மண் பள்ளம் நினைவிருக்கிறதா? ஒரு தை மாதக் காலையில் என் தோளை அமுக்கி உட்கார வைத்தாய். எதிர்க் கரையில், வெறும் மண்மேல் மூன்று முட்டைகள். அவற்றின்மேல் கோட்டான். தலையில் இரண்டு கொம்பு, கண் இரண்டும் நெருப்புத் துண்டு. நான் எச்சில் துப்பி எழுந்தேன். "குந்துடா. உன் கரும்ப எலிகிட்டருந்து காப்பாத்தற ஆளு இதான்" என்றாய். அதன் பிறகு தினமும் நானே உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

பள்ளத்தின் ஓரத்தில் ஊர்ப் பையன்கள் போர்டு வைக்கப் போவதாகச் சொன்னபோதுதான் சண்டை தொடங்கியது. கருடன், பருந்து, வல்லூறு ஆகியவற்றை யாரும் அடிக்கக் கூடாது என்று எழுதுவதில் யாருக்கும் தடையில்லை. கோட்டானையும் சேர் என்றாய் நீ. ஊர் சிரித்தது. மனு எழுதிக் கையெழுத்து வாங்கப் போகிறேன் என்றாய்.

ஊர்க்கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மனை விற்கிறவர் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். "பறவைங்கள காப்பாத்தற மனுதாம்பா" என்றார். "கருடனையா?" என்று கேட்டேன். "ஆமா, கருடனத்தான்." உன் மனுதான் என்று நினைத்தேன். எந்தத் தாள் வந்தாலும் உன்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வேன் அல்லவா? அன்று நீ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். நான் காத்திருக்கவில்லை. விரலை வைத்தேன்.

கூட்டத்தில் நீ எழுந்து பேசியது இப்போதும் காதில் இருக்கிறது. "கருடன் பகல் ஷிப்ட்டு, கோட்டான் நைட் ஷிப்ட்டு. ஒரே வேலை. ஒருத்தனுக்குக் கும்பிடு, ஒருத்தனுக்குக் கல்லடியா?"

போன மாதம்தான் புருஷனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி எழுந்தாள். "மூணு நாளு எங்க வூட்டு மேல குந்திகினு கத்துச்சி. நாலாம் நாளு அவரு பூட்டாரு. அதுக்குப் போர்டு வேற வெக்கணுமா?"

நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "எம்மா, அது எலியப் பாத்து வந்துச்சிம்மா. உன் வூட்டுக்காரரப் பாத்து வர்ல."

அப்போதுதான் அந்தத் தாளைப் படித்தார்கள். கருடன் முதலிய மூன்றையும் காக்க வேண்டும். கோட்டானை விரட்டிப் பள்ளத்தைத் தூர்த்துச் சமன் செய்ய வேண்டும். கீழே பெயர்கள். மூன்றாவது பெயர் என்னுடையது.

நீ திரும்பிப் பார்த்தாய். கூட்டம் கலைந்த பின் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "உன் கட்டவெரலுக்கு எம்மேல இன்னாடா கோவம்?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான். தாளில் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஊர் இன்னும் சிரிக்கும் என்று மூடிக்கொண்டேன்.

மறு வாரமே பொக்லைன் வந்தது. முட்டை பொரிந்திருந்ததா என்றுகூட நாம் பார்க்கவில்லை. அதன் பிறகும் நீ என்னோடு டீ குடித்தாய், பேசினாய். கொல்லைப் பக்கம் மட்டும் சேர்ந்து நடக்க வரவில்லை. ஐப்பசி மழையில் போய்விட்டாய். உன் காரியம் முடிந்ததும் முதியோர் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

என் பெயருக்கு அடுத்து நான் எழுதக் கற்ற சொல் கோட்டான். கொம்பைச் சரியாகப் போட்டேன்; அதற்குக் கொம்புதானே முக்கியம். காலை விட்டுவிட்டேன். சொல்லிக்கொடுக்கிற பெண் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டான்னு எழுதியிருக்கீங்க தாத்தா. யாரு கேட்டான், இன்னா கேட்டான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பங்காளி. நீ கேட்டாய். நான் தாளில் வேறென்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

இன்று ஆபீசிலிருந்து நேராகப் பள்ளம் இருந்த இடத்துக்குப் போனேன். மனைக்கல் நட்டிருக்கிறார்கள். போர்டு மட்டும் நிற்கிறது. கருடன், பருந்து, வல்லூறு என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழே இடம் இருந்தது. மனை வேலிக்கு அடித்து மீந்து அங்கேயே கிடந்த பெயிண்டால் நாலாவதாக எழுதினேன். இந்த முறை காலை விடவில்லை. காக்கப் பறவை அங்கே இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். என் கட்டைவிரலுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை, பங்காளி. அதற்குப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான்.