ஆற்றோரக் கருமேட்டில் ஒரு பெட்டி

அன்பு மகன் கோல்மனுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை நுவாலாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பசுக்கள் கன்று போட்டுவிட்டன, மழைதான் விட்டபாடில்லை. புது ரோடு நம் ஆற்றோர வயல் வழியாகப் போவது முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் அங்கிருக்கும் கருமேட்டைத் தோண்டிப் பார்க்க கிரோன்யா என்று ஒரு பெண்ணும் ஆறு பேரும் வந்தார்கள். மேடு முழுக்க வெடித்த கல்லும் கரியும்தான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ கல்லை நெருப்பில் பழுக்க வைத்து மரத்தொட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்களாம், கறி வேகவைக்கவா குளிக்கவா என்று இவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. தினமும் டீயும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்து வேடிக்கை பார்த்தேன்.

அப்பா அந்த மேட்டில் கலப்பை வைக்க விடாதது உனக்குத் தெரியும். ஊரில் மற்றவர்கள் தங்கள் கருமேட்டை வாரி வாசல் சேற்றில் கொட்டினார்கள், இவர் மட்டும் "அது அவங்க இடம் நோரீன், நமக்கு எதுக்கு வம்பு" என்பார். மண்ணுக்கடியில் குடியிருப்பதாக ஊரில் சொல்லும் மாயக் குட்டி ஜனங்களுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஆளைப் பார்த்தால் மலை, உள்ளே எலிக்குஞ்சு என்று பக்கத்து வீட்டு ஜெரெமியா முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்பா பைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை கிரோன்யா வீட்டுக்கு வந்து, "மேட்டோட தெக்குப் பக்கம் வெண்ணெய் அடுக்குற மரப்பெட்டி ஒண்ணு இருக்குங்க, அது அந்தக் காலத்துது இல்ல, நீங்க பாக்கணும்னு கட்டாயமில்ல" என்றாள். போனேன். பெட்டிக்குள் நான் பின்னிய மஞ்சள் சால்வை இருந்தது மகனே. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள் அப்போது. நான் படுக்கையில் கிடந்தேன், அப்பாதான் அந்தச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, பேசினால் தாங்கமாட்டோம் என்று இரண்டு பேருமே வாயைக் கட்டிக்கொண்டோம். அந்த மனிதரைத்தான் முப்பது வருஷம் பயந்தாங்கொள்ளி என்று குத்திக்காட்டினேன், போன தவக்காலத்தில் அவர் கண்ணை மூடுகிற வரைக்கும். நினைத்தால் நெஞ்சு வெந்து போகிறது, இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்.

இப்போதுள்ள பங்குச் சாமியார் நல்லவர், குழந்தையை அப்பா பக்கத்திலேயே அடக்கம் செய்யலாம் என்றுவிட்டார். "கல்லுல என்ன பேர் வெட்டணும்மா" என்று கேட்டார், பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவனுக்கென்று நாங்கள் எடுத்துவைத்திருந்த பெயரைத்தான் உனக்கு வைத்தோம் கோல்மன், அவனுக்கு வேறு பெயர் கிடையாது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைக் கல்லறையில் வெட்டச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, பெயரில்லாமல் அவனை இரண்டாம் தடவை மண்ணில் வைக்கவும் மனசில்லை. உன் பெயரையே அவன் கல்லிலும் வெட்டச் சொல்லட்டுமா? நீ வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. இருபதாம் தேதிக்குள் கல் வெட்டுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும், மறக்காமல் எழுது.

உங்கள் மூன்று பேருக்கும் அம்மா,
நோரீன்