மொம்மேயை எரித்த நாளும் அம்மாவின் காலைக் குறிப்புகளும்

அன்பு மகள் இங்கெனுக்கு,

கோழி கிறுக்கியது போலிருக்கும் இந்தக் கையெழுத்தை முதலில் மன்னித்துவிடு. வரி ஏறும், இறங்கும், சில எழுத்துக்களை அழுத்தியதில் தாளே கிழிந்திருக்கிறது. யாரையும் வைத்து எழுதவில்லை மகளே, உன் அப்பா தன் கையாலேயே எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். இங்கே நானும் ஆடுகளும் சுகம், முழங்கால் மட்டும் காற்று மாறும்போது முனகும். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, அங்கே இப்போது வசந்தம் என்று நம் பள்ளிக்கூட டீச்சர் ஃப்ராவ்கெ சொன்னாள், அப்படியும் கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே.

பெப்ரவரியில் நடந்ததைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக வரும். நெருப்புத் திருநாளுக்கு விறகுக் குவியலின் உச்சியில் வைக்கும் வைக்கோல் பொம்மைக்கு இந்த வருஷம் என் பழைய கூட்டாளி மொம்மே தன் பழைய மஞ்சள் மழைக்கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டான். படம் எடுத்து இணையத்தில் இருந்த நம் தீவுப் பக்கத்தில் போட்டு, "இன்னிக்கு ஆறு மணிக்கு மொம்மேய எரிக்கிறோம், எல்லாரும் வாங்க, கீரையும் கறியும் உண்டு" என்று எழுதியதும் அவனேதான். நாங்கள் சிரித்துச் சிரித்து எரித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கத்தையே காணோம். பக்கத்தை நடத்தும் அந்தப் பெரிய கம்பெனியின் இயந்திரம், நாங்கள் ஒரு மனிதனைக் கொல்ல ஆள் கூட்டுவதாக முடிவு செய்து பூட்டிவிட்டது. ஃப்ராவ்கெ பதினொரு முறை எழுதினாள். மொம்மே அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, "அய்யா, நான்தான் மொம்மே, உயிரோடதான் இருக்கேன்" என்று அனுப்பினான். பதினொரு முறையும் திறக்க முடியாது என்று ஒரே பதில், வார்த்தை மாறாமல். அங்கே படிப்பதற்கு ஒரு மனுஷன் இருந்தானோ இல்லையோ.

மற்றவர்களுக்குப் போனது படகு நேரமும் பழைய படங்களும். எனக்குப் போனது வேறு. பன்னிரண்டு வருஷம் உன் அம்மா தினமும் காலையில் காற்றையும் தண்ணீரையும் படகையும் அந்தப் பக்கத்தில்தான் எழுதினாள். நான் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருப்பேன், அவள் படித்துச் சொல்வாள். கல் அடுக்கி அலையைத் தடுக்கிற வேலைக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அவள் போனபின், அவள் எழுதியதை என் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்றுதான் போன இலையுதிர் காலத்தில் ஃப்ராவ்கெயிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தபோது படிக்க வேண்டியது பூட்டிப்போய்விட்டது. அன்று நான் அழுதது உனக்குத் தெரியாது.

இப்போது பள்ளிக்கூட அலமாரியில் ரொட்டி டப்பா அளவு ஒரு கணினிப் பெட்டி இருக்கிறது. அதுதான் நம் தீவின் புதுப் பக்கம், நம்முடையது, ஃப்ராவ்கெ பார்த்துக்கொள்கிறாள். அக்கரைத் தீவுக்காரர்களுக்கு அவர்கள் பெட்டி, டென்மார்க்காரர்களுக்கு அவர்களுடையது, ஆனால் எல்லோரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கலாம். கடல் ஏறி நிலமெல்லாம் முழுகும் நாளில் வீடுகள் நிற்கும் ஒவ்வொரு மேட்டிலும் அவரவர் விளக்கு எரியுமே, ஒரு மேட்டில் அணைந்தாலும் அடுத்த மேட்டில் அணையாதே, அதை நினைத்துக்கொண்டேன், புரிந்துவிட்டது. ஃப்ராவ்கெயோடு சண்டை வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போகலாமாம், மொம்மே இரண்டு முறை மிரட்டிவிட்டான், போகவில்லை. குறை இல்லாமல் இல்லை. மொத்தம் பத்தொன்பது பேர். ஃப்ராவ்கெ படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். "அங்க யாருமே இல்லையேப்பா, நான் எதுக்கு வரணும்" என்று நீ கேட்டாய். உண்மைதான். ஆனால் இங்கே தப்பாக எதையாவது பூட்டினால், போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

மே மாதம் நீ அனுப்பினாயே, பழைய பக்கத்திலிருந்து பதில்களோடு உன் மின்னஞ்சலுக்கு வந்து தங்கியிருந்த அம்மாவின் குறிப்புகள், அவற்றை ஃப்ராவ்கெ அந்தப் பெட்டியில் வைத்தாள். ஒரு நாளைக்கு ஒன்று படிக்கிறேன். போன வாரம், சில வருஷம் முன்பு வந்த என் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் அவள் எழுதிய குறிப்பு வந்தது. "நாளை நாலு மணிக்கு எல்லோரும் கேக்கோடு வாருங்கள், ஹார்க்குக்குத் தெரியாது. இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், கவலை வேண்டாம்." என்னை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள்! எனக்கு அன்று காற்றும் படகும்தான் படித்துச் சொன்னாள். கீழே பதினாலு பேர் சரி என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது இங்கென். இத்தனை வருஷமும் ஒருவர்கூட என் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மொம்மேயிடம் கேட்டேன். "கல்யாணத்தன்னிக்குப் பாட்டுப் புஸ்தகத்தத் தலைகீழாப் புடிச்சிருந்தியேடா, அப்பவே தெரியும்" என்றான். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வெகுநேரம் சிரித்தேன், பிறகு அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ அனுப்பியது கடைசி ஐந்து வருஷம்தான். முதல் ஏழு வருஷம் நீ கீல் நகரத்தில் படித்தபோது வைத்திருந்த பழைய மின்னஞ்சலில் இருக்கும் என்கிறாள் ஃப்ராவ்கெ, வேறு எங்கேயும் இல்லை. வெகுநாள் திறக்காவிட்டால் அதையும் அழித்துவிடுவார்களாம். மறக்காமல், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே திறந்து பார் மகளே, கடவுச்சொல் உன் பழைய குதிரையின் பெயராக இருக்கலாம்.

இன்று காலை நானே குறிப்புப் போட்டேன். "வடமேற்குக் காற்று. தண்ணீர் ஏறவில்லை. படகு பத்து மணிக்கு. ஹார்க்." நாற்பது நிமிஷம் பிடித்தது. "படகு போயாச்சுடா கிழவா" என்று மொம்மே கீழே எழுதினான். பரவாயில்லை, நாளை சீக்கிரம் ஆரம்பிப்பேன். நீயும் நம் பெட்டியில் வந்து சேர்ந்தால் இருபது பேராவோம்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல், நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசி. கை வலிக்கிறது, அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், இத்தனை வருஷம் எழுதாமல் சேர்ந்தது நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தன் பெயரைத் தானே எழுதும்
உன் அப்பா ஹார்க்