வாய்க்கால் கரையின் இரண்டு படங்கள்

5.8.96, திங்கள்

காலையிலிருந்து சாரல். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. பஸ்ஸில் பாளையங்கோட்டை, கல்லூரிக்கு. சேலை முழங்கால் வரை ஈரம்.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தோடு எங்கள் கல்லூரி போட்ட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நகர வீட்டு வசதி, நில நிர்வாகம் பற்றி இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்தும் ஆறு மாதப் படிப்பு. மாணவர்கள் எல்லாரும் நகராட்சி, தாலுகா ஆபீஸ் ஆட்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கிருந்து பேராசிரியர் ஹன்னா வருகிறார். வகுப்பைப் பார்த்துவிட்டு, படிப்பு இங்கேயே தொடருமா, சென்னைக்குப் போகுமா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரி வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறதாம். மூன்று வருடம் உட்கார்ந்து பாடம் எழுதியவள் நான். எப்படி விட்டுக்கொடுக்க?

மதியம் வகுப்போடு வாய்க்கால் கரைக் குடியிருப்புக்குப் போய்ச் சும்மா, அளக்காமல் பார்த்தே ஒரு கைப்படம் போட்டோம். 43 வீடு. புறம்போக்கு. ஒருவருக்கும் பட்டா இல்லை.

வாங்க வேண்டியது: டிரேசிங் பேப்பர், மை, சொதிக் குழம்புக்குத் தேங்காய் 3, இஞ்சி.

7.8.96, புதன்

வெயில். தலைவலி.

இன்று சங்கிலி, டேப், கொடிக்கம்பு எல்லாம் கொண்டுபோய் முறையாக அளந்தோம். 61 வீடு. மறுபடி எண்ணினேன். 61தான். இரண்டே நாளில் பதினெட்டு வீடு! ஓலையும் சாக்கும் தகரமுமாக, பழைய வீட்டுச் சுவர்களில் சாய்த்துக் கட்டியது. ஒவ்வொன்றின் முன்னும் மண் காயாத அடுப்பு.

எல்லாம் பிச்சையா அண்ணாச்சியின் வேலை. நகராட்சி சர்வேயர், இருபத்தைந்து வருட சர்வீஸ், வகுப்பிலேயே மூத்தவர். நேற்று இவராகவே அங்கே போய், நாளைக்கு அளக்க வருகிறோம், வீட்டுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று வாசல் வாசலாகச் சொல்லியிருக்கிறார். அளக்கிறார்கள் என்றால் பட்டா கொடுக்கத்தான் என்று கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"இது வெறும் பயிற்சிதானே அண்ணாச்சி. எதுக்குப் போய்ச் சொன்னீங்க?"

"சொல்லாம எப்படி மேடம் அடுத்தவன் வாசல்ல சங்கிலி போடுதது? நோட்டீஸ் இல்லாம நான் ஒரு நாளும் அளந்ததில்லயே."

கோபத்தில் டேப்பை நானே சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு படம், இரண்டு கணக்கு. வெள்ளிக்கு இன்னும் ஒரே நாள். நாமே சென்னைக்கு வழி விட்ட மாதிரி ஆயிற்று.

8.8.96, வியாழன்

காற்று. கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டில்.

கல்லூரி முதல்வர் அறையில் முக்கால் மணி நேரம். "ரெண்டையும் காட்டுனா நம்மள எண்ணத் தெரியாதவங்கன்னுல்லாம்மா நெனப்பாங்க? திங்கக்கிழமை போட்டதக் கிழிச்சிருங்க. இங்கிலீஷ் பேசுத ஆளு ஒருத்தரப் பேச விடுங்க. பிச்சையா வேண்டாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கம்தான். ஆனாலும் ஆட்டினேன்.

பி. அண்ணாச்சி வகுப்புக்கே வரவில்லை. கேன்டீனில் பின்னால் யாரோ: "பயந்து லீவு போட்டுட்டாரு வே." நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு மணிக்கு வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு. காலையிலிருந்து வாய்க்கால் கரையில்தான் இருந்திருக்கிறார். புது வீடு பதினெட்டுக்கும் போய், இது பட்டா கொடுக்க இல்லை, நான் சொன்ன விதம் தப்பு என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் வைதார்களாம். வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்து நோட்டில் எழுதியிருக்கிறார்.

"பதினெட்டும் பொய் வீடு இல்ல மேடம். கல்யாணம் ஆயி, பிள்ளையும் பெத்து, அப்பன் வீட்டுக்குள்ளயே நெருக்கியடிச்சிக் கெடந்த குடும்பங்க. ரேஷன் கார்டு எல்லாம் பாத்துட்டேன். நாம திங்கக்கிழமை வாசல எண்ணுனோம். உள்ள எத்தன குடும்பம்னு ஒருத்தரும் கேக்கல."

அங்கே இசக்கியம்மா என்று ஒரு பெண். பட்டா இல்லை என்றதும் அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: "பட்டா இல்லாட்டாப் போகுது, படத்துல எங்கள அழிச்சிராதீங்க. நாளைக்கு வாரவனாவது பாப்பாம்லா."

அந்த நோட்டை இரண்டு முறை படித்தேன். மூன்று வருடமாக நான் எழுதிய பாடத்தில் இது இல்லை. ஹன்னா அனுப்பும் தடித்தடிப் புத்தகங்களிலும் இல்லை.

"நாளைக்கு நீங்கதான் பேசுதீங்க அண்ணாச்சி. தமிழ்லயே பேசுங்க. நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லுதேன்."

முதல்வருக்குச் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தைரியம் எல்லாம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது.

9.8.96, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

பத்து மணிக்கு ஹன்னா. பி. அண்ணாச்சி சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். முதலில் நோட்டை மேசையில் விரித்து வைத்தார். பிறகு, கிழிக்காமல் வைத்திருந்த திங்கட்கிழமைக் கைப்படத்தை மாட்டி, அதன் மேல் டிரேசிங் பேப்பரில் போட்ட புதன்கிழமைப் படத்தை வைத்தார். பதினெட்டு வீடும் சிவப்பு மையில் தனியாகத் தெரிந்தது.

"நோட்டீஸ் கொடுத்தது நான். தப்பு என்னுது." இதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். முதல்வர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வீடாகச் சொன்னார். யார், எத்தனை பேர், எங்கே படுத்தார்கள். ஹன்னா கேட்டார்: அடுத்த முறை சொல்லாமல் அளப்பீர்களா?

"மாட்டேன். நோட்டீசுக்கு முன்ன ஒரு தடவ எண்ணுவேன், பின்ன ஒரு தடவ எண்ணுவேன். நடுவுல கூடுனது யாருன்னு கேப்பேன்."

ஹன்னா அதை எழுதிக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டில் சொதி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், முடிவு மட்டும் சொல்லவில்லை. ஊருக்குப் போய் எழுதுகிறாராம்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும்: இந்த வகுப்பு என் வகுப்பு என்று இன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. படிப்பு போனாலும் இந்தப் பெருமை போகாது. போகக் கூடாது. போனால் அழுதுவிடுவேன்.

20.8.96, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்டவ்வில் உப்புமா. என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

11.20க்கு ஹன்னாவிடமிருந்து ஃபேக்ஸ். படிப்பு இங்கேயே. இன்னும் மூன்று வருடம். அதோடு அடுத்த வருடம் அவர்கள் மாணவர்கள் ஆறு பேர் இங்கே வந்து நம் ஆட்களோடு உட்கார்ந்து படிப்பார்கள். களப்பாடம் நடத்துபவர்: திரு. பிச்சையா.

முதல்வர்: "நான் அன்னைக்கே சொன்னேன்லாம்மா, பிச்சையா சரியான ஆளுன்னு." சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோ பிடித்து நகராட்சி. பி. அண்ணாச்சி மேசையில் புல வரைபடக் கட்டுக்கு நடுவே. விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. காகிதத்தை நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, இங்கிலீஷில் இருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி.தான்னு அவங்களுக்குத் தெரியாதுல்லா மேடம்?"

"தெரியும். நானே சொல்லியிருக்கேன்."

"சொல்லியுமா?"

"சொல்லியும்தான் அண்ணாச்சி."