இடது தொடை பக்கிள்

அன்பு மகள் ஹேவோனுக்கு அப்பா எழுதுறேன். நானும் உங்கம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துகிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம். அந்தக் குளிர் தேசத்துல நீயும் அப்படியே இருக்கணும். அம்மா போன வாரம் பார்சல் போட்டிருக்கா, மிளகாய்த்தூள் மூணு கிலோ, காய்ஞ்ச கடல்பாசி, எள்ளிலை ஊறுகாய். ஊறுகாய் டப்பா ஒழுகக் கூடாதுன்னு நான்தான் டேப்பை நாலு சுத்து சுத்தியிருக்கேன், பிரிக்கும்போது திட்டாதே. பரீட்சை என்னாச்சுப்பான்னு நீ போன்ல கேட்டப்போ, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, பாஸ் ஆகலன்னு சொல்லிட்டு உங்கம்மாகிட்ட போனைக் கொடுத்துட்டேன் இல்லையா, அது பொய். பரீட்சை ஒண்ணும் கஷ்டமில்ல. நடந்ததை வாயால சொல்ல வரல, அதான் உக்கார்ந்து எழுதுறேன்.

அனல் மின் நிலையத்துல கடைசி யூனிட்டையும் டிசம்பர்ல நிறுத்தினாங்கல்ல, அதுக்கு மேடை போட்டு பூங்கொத்து கொடுத்து ஒரு விழா வேற. நிரந்தர ஊழியருக்கெல்லாம் வேற ஊர்ல வேற வேலை. கான்ட்ராக்ட்காரங்களான எங்களுக்கு ஆளுக்கு ஒரு குளியல் துண்டு, நிலையத்தை மூடின தேதி அச்சடிச்சது, அதோட பசுமை வேலைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்னு ஒரு நோட்டீஸ். வரவேற்கிறாங்களாம்! விண்ணப்பத்துல படிப்புக்கு ஒரு கட்டம், சான்றிதழ் நம்பருக்கு ஒரு கட்டம், கம்ப்யூட்டர் தெரியுமான்னு ஒரு கட்டம். இருபத்தெட்டு வருஷம் கன்வேயருக்கு அடியில குந்தி, சிந்தின நிலக்கரியை வாரி வாரிப் போட்டவன் அதை எழுத ஒரு கட்டமும் இல்ல. பசுமையாம் பசுமை. இதெல்லாம் வரும்பா, இப்பவே வேற தொழில் கத்துக்கோப்பான்னு ஏழு வருஷத்துக்கு முன்னாடி சூசோக் பண்டிகை அன்னிக்கு நீ சொன்னே. நீ தின்ன சோறே நிலக்கரி போட்டதுடின்னு கத்தி ஸ்பூனைத் தூக்கி எறிஞ்சேன். நீ சொன்ன அத்தனையும் நடந்துச்சு. அதுல எனக்கு இன்னும் எரிச்சல்தான், அதையும் மறைக்கல.

சரி, போய்ச் சேர்ந்தேன். காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சி, பன்னிரண்டு வாரம். பதினெட்டுப் பேர்ல ஐம்பத்தேழு வயசுக்காரன் நான் ஒருத்தன்தான். மின்சாரம், ஹைட்ராலிக் எண்ணெய், முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு பெட்டிக்குள்ள வாரைக் கட்டி உக்கார வெச்சு நீச்சல் குளத்துல தலைகீழாக் கவிழ்த்துட்டு, நீயே வெளிய வான்னாங்க, கடல்ல நிக்கிற காற்றாலைக்குப் போற ஹெலிகாப்டர் விழுந்தா தப்பிக்கணுமாம். மூணாவது தடவைதான் வெளிய வந்தேன், ஒரு வாரம் மூக்குக்குள்ள குளோரின் நாத்தம். ஆனா எழுத்துத் தேர்வுல எட்டாவது வந்தேன்மா. நம்ப மாட்டே. உங்கம்மாவும் நம்பல, தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தா.

கோபுரம் ஏற ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்தாங்க. என் ஜோடி யொம் தோங்ஹா, முப்பத்தொரு வயசு, நம்ம மின் நிலையத்துலயே சாம்பல் லாரி ஓட்டினவன், பொண்டாட்டி மாசமா இருக்கா. ஒரு காற்றாலைக் கம்பெனி அவனுக்கு வேலை தர்றேன்னு கடிதமே கொடுத்திருந்துச்சு, சான்றிதழை மட்டும் ஒண்ணாம் தேதிக்குள்ள கொண்டு வான்னு. என்னை வாய் நிறைய அண்ணே, அண்ணேன்னுதான் கூப்பிடுவான். ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர் சேஃப்டி பெல்ட்டை இன்னொருத்தர் மேலிருந்து கீழ பார்த்து, சரின்னோ நில்லுன்னோ சத்தமாச் சொல்லணும். வயசு கியசு கிடையாது. பயிற்சி கொடுக்கிற பாங் அம்மா முதல் நாளே கறாராச் சொல்லிடுச்சு, இந்த வேலைக்குப் பெரிய படிப்பே அந்த நில்லுங்கிற ஒரு வார்த்தைதான்னு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்க கன்வேயர் ஆளுங்க எல்லாருக்குமே உண்டு. கன்வேயருக்கு அடியில குந்தி வாரும்போது பெல்ட்டோட தொடை வார் இறுக்கிப் பிடிச்சா கால் மரத்துப் போகும், அதனால இடது தொடை பக்கிளைப் போடாமலே விட்டுடுவோம். இருபத்தெட்டு வருஷமா கை அங்க போனதே இல்ல. ரெண்டாவது வாரம் தோங்ஹா பார்த்துட்டு, அண்ணே நில்லுங்க, இடது பக்கிள் திறந்திருக்குன்னான். பதினெட்டுப் பேர் முன்னாடி. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கோபம், டேய், நீ டவுசர் போடாமத் திரிஞ்சப்பவே நான் பெல்ட் கட்டினவன்டா, எனக்கா சொல்லித் தர்றேன்னு கத்திட்டேன். அவன் ரெண்டா வளைஞ்சு கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அன்னியிலிருந்து ஒரு நாளும் நில்லுன்னு சொல்லல. எல்லாம் சரிண்ணே, ஏறுங்கண்ணேன்னு சொல்லுவான். பார்த்தியா, அனுபவம் பேசுதுன்னு நானும் தலையை நிமிர்த்திக்கிட்டு ஏறினேன்.

பரீட்சை அன்னிக்கு வெளியூர்லேர்ந்து தேர்வாளர் வந்திருந்தார். ஜோடி ஆளைக் கையால தொடக் கூடாது, பார்த்து வாயால மட்டும் சொல்லணும்னார். தோங்ஹா என்னைச் சுத்தி வந்தான். என் இடது பக்கத்துல நின்னான். அவன் மூச்சு கேட்டுச்சு எனக்கு. ரொம்ப நேரம் நின்னுட்டு, எல்லாம் சரின்னான். நான் முதல் படியில கால் வெச்சேன், தேர்வாளர் விசில் ஊதிட்டார். பக்கிள் திறந்து கிடக்கு. ரெண்டு பேரும் ஃபெயில். பெல்ட் போடத் தெரியாததுக்கு நான், பார்த்தும் சரின்னு சொன்னதுக்கு அவன். மறுபரீட்சை நாலு மாசம் கழிச்சுத்தானாம்.

கார் நிறுத்துற இடத்துல அவனைப் பிடிச்சு, பார்த்தியாடா, பார்த்தா ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். பார்த்தேண்ணே, தேர்வாளர் முன்னாடி உங்களுக்கு அவமானமாப் போயிடுமேன்னு வாய் வரலண்ணே, தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்கன்னு மறுபடியும் வளைஞ்சான், ஹேவோன். எங்கிட்ட! பாங் அம்மா அப்புறம்தான் சொல்லுச்சு, பத்து வாரமா ஒவ்வொரு தடவையும் ஷூ கயிறு கட்டுற மாதிரி குனிஞ்சு அந்த பக்கிளை அவன்தான் போட்டு விட்டிருக்கான். பதினேழு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, இறங்கினதும் பெல்ட்டை அவனே கழட்டி விடுவான், மரியாதைன்னு நினைச்சேன். அதைப் பார்த்தும் சொல்லாம விட்ட பாங் அம்மாவையும் திட்டணும்னுதான் வாய் வந்துச்சு, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் திட்ட? அந்தக் கம்பெனி ஒண்ணாம் தேதி வேற ஆளைச் சேர்த்துடுச்சு. ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து கதவைத் திறந்துச்சு, அவர் இல்லீங்க, ராத்திரி ஷிஃப்டுக்கு பார்சல் கிடங்குக்குப் போறாரு, இப்பதான் கிளம்பினாருன்னுச்சு. பெட்டியை வெச்சுட்டு ஓடி வந்துட்டேன். மன்னிப்புங்கிற வார்த்தை என் வாயில வரவே மாட்டேங்குது, என்ன ஜென்மமோ.

இதை இத்தோட முடிச்சிருப்பேன். முந்தாநாள் அங்கேர்ந்து வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட, ஏன்டி எங்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்ல ஒரு மனுஷன் இவ்வளவு பயப்படுவானான்னு கேட்டேன். அவ முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருந்தா. கத்தியை வெச்சுட்டு, நீ ஜனவரியில ஆஸ்பத்திரியில படுத்திருந்ததைச் சொன்னா. வயித்துல கட்டி, ஆபரேஷன், பதினோரு நாள். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, உன் சித்திக்குத் தெரிஞ்சிருக்கு, கீழ் வீட்டு அம்மா உனக்காகக் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு. எங்கிட்ட ஏன்டி சொல்லலன்னேன். சொன்னா நீங்க கத்துவீங்க, புள்ளைக்கு அப்போ அதைத் தாங்கத் தெம்பு இல்லன்னா. அதுக்கும் நான் கத்தினேன்மா. கத்திட்டு மாடிப்படியில போய் உக்கார்ந்து அழுதேன். அந்தப் பதினோரு நாள்ல ரெண்டு தடவை எங்கூட போன்ல பேசியிருக்கே. இங்க பனி பெய்யுதுப்பா, நல்லா இருக்கேன்னே. நானும் சரின்னு வெச்சுட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ, கனமானதைத் தூக்காதே, பார்சலைக் கூட யாரையாவது மேல கொண்டு வந்து தரச் சொல்லு. மறுபரீட்சைக்கு நான் பணம் கட்டிட்டேன், தோங்ஹா வருவானான்னு தெரியல. நீ நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். ஞாயித்துக்கிழமை மறக்காம போன் பண்ணு, அம்மாகிட்ட இல்ல, எங்கிட்ட. எங்க வெட்டினாங்க, எத்தனை தையல், இப்பவும் வலிக்குதா, டாக்டர் என்ன சொன்னார், எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லு. நான் கண்டிப்பாக் கத்துவேன். கத்தி முடிக்கிற வரைக்கும் வெச்சுடாம இரு, முடிச்சதும் மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லு.

உன் அப்பா,
மா சங்தொக்