பழைய கண்ணின் வெள்ளை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா என் சொந்தக் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சிரிப்பும் சத்தமுமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். இத்தனை வருஷமாக நான் சொல்லச் சொல்ல உன் அம்மாதான் எழுதினாள், அதனால் அவளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட உனக்கு வந்திருக்காது. அவள் கண்ணில் புரை விழுந்து எழுத முடியாமல் போனபோதுதான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது பேனா என்னிடம். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

அவள் படம் வரைகிறாள் என்பது உனக்குத் தெரியும். ஆள், மரம், மலை எதுவும் கிடையாது, வீட்டுச் சாமான்தான். சாப்பாட்டு மேஜைமேல் விளிம்பு உதிர்ந்த எனாமல் கூஜா, கெட்டில், ஒரு வெங்காயம், ஒரு எலுமிச்சம்பழம், கசங்கிய கரித்துணி. யாரும் தொடக்கூடாது. நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஏம்மா, கெட்டிலுக்கு இருக்கிற மரியாதைகூட அப்பாவுக்கு இல்லையே என்றான். கெட்டில் வெச்ச இடத்துல இருக்குதுடா என்றாள்.

போன மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் கூஜாவைப் பார்த்து, யாருங்க இதுக்கு வெள்ளையடிச்சது என்றாள். யாரும் அடிக்கவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு அது சந்தன மஞ்சளாகவே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக மூடி மூடித் திறந்து அன்றைக்குப் பூராவும் பார்த்தாள். கூடவே சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கும் நான் பாத்திரம் கழுவிய லட்சணமும் தெரிந்துபோய் எனக்கு நல்ல பூசை. மறுநாள் பழைய படத்தை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். பழைய கண் பார்ப்பதை அப்படியே வரையவேண்டுமாம். இடது கண்ணால் கூஜாவைப் பார்ப்பாள், வலது கண்ணால் வண்ணம் கலப்பாள், நடுவில் பிரஷ்ஷை என் டீயில் முக்குவாள்.

வம்பு அங்கேதான். இடது கண்ணையும் சீக்கிரம் செய்யணும், முற்றவிட்டால் பார்வையே போனாலும் போகும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவள் மாட்டேன் என்கிறாள். இந்தக் கண்ணையும் மாத்திட்டா அந்த மஞ்சளை நான் எங்க போய்ப் பார்க்கறது, படம் முடியட்டும் என்கிறாள். வாங்கிய தேதியைத் தள்ளிப்போட்டாள், மறுபடி வாங்கியதையும் தள்ளிப்போட்டாள். உன் அண்ணன் கத்தினான், நான் கெஞ்சினேன். உனக்கு இதெல்லாம் போனில் சொல்லவில்லை, பயந்துவிடுவாய் என்றுதான்.

படம் சீக்கிரம் முடியட்டுமே என்று நானும் ஒரு உதவி செய்தேன். எலுமிச்சம்பழம் வாடிச் சுருங்கிக் கிடந்தது, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதே இடத்தில் புதுப் பழம் ஒன்றை வைத்துவிட்டுப் பழையதைப் பிழிந்து குடித்துவிட்டேன். வந்தவள் மேஜையைப் பார்த்து, இது யாரு என்றாள். கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் தடவுகிறவளுக்கு இது மட்டும் தெரிகிறது. இத்தனை நாள் பழகின பழத்தைக் குடிச்சிட்டீங்களே, இனி அந்த நிறத்துக்கு எங்க போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தட்டில் அந்தப் பழத்துக்கென்று அவள் கலந்து வைத்த வண்ணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காய்ந்துவிடப் போகிறதே என்று காலி மருந்துப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன், இதையாவது மூடி வை என்றேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னும் பாட்டில் இருக்கா என்றாள்.

என் முழங்கால் தைலப் பாட்டில் வரைக்கும் காலி செய்துவிட்டோம். பழைய கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை எல்லாம் கலந்து எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் கண்ணால் வேண்டுமானாலும் படத்தை முடிக்கலாமே. அவளுக்குப் படிக்கிற கண்ணாடி இன்னும் வரவில்லை, அதனால் பாட்டிலுக்குப் பாட்டில் சீட்டு எழுதி ஒட்டியது நான். கூஜா வெளிச்சப் பக்கம். கூஜா நிழல் பக்கம். வெங்காயத் தோல். கரித்துணி மடிப்பு. எல்லாம் முடிந்ததும் ஒரு பாட்டில் மிச்சம். உக்காருங்க, அசையாதீங்க என்றாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், கலந்தாள், மறுபடி பார்த்தாள். ம், இது உங்க மூஞ்சி, எழுதுங்க என்றாள். நான் என்று எழுதி ஒட்டினேன். அதைக் கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் அண்ணனைக் கூப்பிட்டு, டேய், தேதி வாங்குடா என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இன்று காலையில் கட்டைப் பிரித்தார்கள். இரண்டு கண்ணாலும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எப்படி இருக்கிறேன் என்று கேட்டேன். நல்லவேளை, பாட்டில்ல கொஞ்சம் எடுத்து வெச்சோம் என்றாள்.

நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். போனில் சொன்னாயே, அந்தப் பல் வலிக்கு டாக்டரிடம் போ, நீயும் தேதியைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா